தூண், வளைவு, தரை: செஞ்சி மசூதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பிரம்மதேசத்திலிருந்து தொடங்குகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம், எசாலம் ஆகிய ஊர்களை ஒட்டி இருக்கிற சிற்றூர் அது. சோழர் காலச் சிவன் கோயில்கள் இரண்டு அங்கு உண்டு. 'பிரமதேயம்' என்ற நிலக்கொடையின் தடம் ஊர்ப்பெயரிலேயே கிடக்கிறது. பார்ப்பனர்க்கு வரி நீக்கி விடப்பட்ட நிலம் என்று பொருள். பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட வேதக் கல்லூரி ஒன்று நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. எம்.ஏ. வகுப்பில் 'சோழர் காலக் கல்வி வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ் இதை மனப்பாடம் செய்தோம். யாருடைய கல்வி, யாருடைய வளர்ச்சி என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவருடன் அந்தக் கோயில்களைப் பார்க்கப் போனேன். நண்பர் இஸ்லாமியர், பள்ளி ஆசிரியர், நம் பத்திரிகைகளை விடாமல் வாசிக்கிறவர். கருங்கல் அதிட்டானத்தின் மேல் ஓடும் எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "தோழர், எனக்காக நீங்க ஒரு நாள் எங்க கோயிலையும் பாக்கணும். செஞ்சிதான், வண்டியில ஒரு மணி நேரம்." 'எங்க கோயில்' என்று அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான். போகிற வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை.

செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கிற சாதத்துல்லா கான் மசூதியைத்தான் அவர் சொன்னார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கிறேன். ராஜகிரி, கல்யாண மஹால், யானைக்குளம் எல்லாம் நினைவில் இருக்கின்றன. மசூதி மட்டும் நினைவில் இல்லை. யாரும் காட்டவில்லை என்பது ஒரு காரணம். என் கண்ணுக்கு அது 'வரலாறு' என்று படாமல் போனது இன்னொரு காரணம். இந்தக் கட்டுரை அந்தக் கண்ணைப் பற்றியதுதான்.

2

முதலில் கட்டடம்.

கோயில் மண்டபத்தையும் மசூதியையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மண்டபம் தூணாலும் உத்திரத்தாலும் ஆனது. இரண்டு தூண், மேலே குறுக்கே ஒரு கல். கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்குகிற வலு அதிகம். வளைத்து இழுத்தால் முறிந்துவிடும். உத்திரம் நீளமானால் நடுவில் அடிப்பக்கம் விரிசல் விடும். அதனால் தூண்களை நெருக்கி நிறுத்த வேண்டும். நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்பதெல்லாம் ஆடம்பரம் மட்டுமல்ல, கல்லின் பலவீனத்துக்குக் கொத்தன் சொன்ன பதிலும்கூட.

வளைவு வேறு கணக்கு. சின்னச் சின்னக் கற்களையோ செங்கற்களையோ சாரத்தின் மேல் வில்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிடிக்க வைக்கிறார்கள். சாரத்தை எடுத்த பிறகு ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கியபடி நிற்கிறது. இழுவிசையே இல்லை, எல்லாம் அமுக்கம்தான். ஆனால் வளைவு இரண்டு பக்கமும் வெளியே உதைக்கும். அந்த உதைப்பைத் தாங்கத்தான் தடித்த சுவர்கள். ஆக, வளைவு இருக்கிற இடத்தில் தூண் குறையும், சுவர் தடிக்கும், நடுவில் வெற்றிடம் விரியும்.

குவிமாடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அறை சதுரம், மாடம் வட்டம். சதுரத்தின் மேல் வட்டத்தை உட்கார வைத்தால் நான்கு மூலையும் அந்தரத்தில் நிற்கும். மூலைக்கு மூலை குறுக்கே சிறு வளைவு கட்டிச் சதுரத்தை எண்கோணமாக்கி, அதிலிருந்து வட்டத்துக்குப் போவார்கள். இதை நண்பர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் பார்த்த கோயிலின் மொழியும் இதுதானே! அடியில் சதுரம், நடுவில் எண்பட்டை, மேலே பதினாறு பட்டை அல்லது வட்டம் என்று தூண் செதுக்குகிற மரபு நம்முடையது. எண்கோணச் சிகரமும் வட்டச் சிகரமும் சதுரக் கருவறைக்கு மேலேதான் நிற்கின்றன. சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போக எண்கோணமே வழி என்று ஸ்தபதிக்கும் தெரிந்திருக்கிறது, மசூதி கட்டிய மேஸ்திரிக்கும் தெரிந்திருக்கிறது. வடிவியலுக்கு மதம் கிடையாது.

இன்னொன்று. செஞ்சிக்கு வளைவு நவாபோடு வந்து இறங்கவில்லை. அதே கோட்டையின் கல்யாண மஹாலில் வளைவுகள் இருக்கின்றன. தானியக் களஞ்சியத்தின் கூரை வளைகூரை. ஹம்பியின் தாமரை மஹாலும் யானைக் கொட்டாரமும் வளைவும் மாடமுமாகத்தான் நிற்கின்றன. மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலில் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பும் வளைவுகளைப் பார்த்து 'அந்நியம்' என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. விசயநகர, நாயக்க அரசர்களுக்கு வளைவு அரண்மனையின் மொழியாக இருந்தது. அதை அவர்கள் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

எனில், அதே வளைவு மசூதியில் இருக்கும்போது மட்டும் அது 'இஸ்லாமியக் கட்டடக்கலை' ஆவது எப்படி?

3

இந்தப் பெயரிடலுக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதியபோது கட்டடங்களை இனமாகவும் மதமாகவும் பிரித்து அடுக்கினார். 1940களில் பெர்சி பிரௌன் எழுதிய பாடநூலோ பௌத்த-இந்து காலம் ஒரு தொகுதி, இஸ்லாமிய காலம் இன்னொரு தொகுதி என்றே வெளிவந்தது. கட்டடத்தை அதன் கல்லால், கூரையால், அதில் வேலை செய்த கைகளால் வகைப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. ஆண்டவனின் மதம் என்ன என்பது முதல் கேள்வியானது. அந்தத் தொகுதி எண் நம் மூளைக்குள் இறங்கி நூறாண்டு ஆகப்போகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆங்கிலேயன் தனக்குக் கட்டடம் கட்டும்போது குவிமாடத்தை ஆசையாக எடுத்துக்கொண்டான். சென்னையில் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ், 1892இல் கட்டி முடித்த உயர்நீதிமன்றம் ஆகியவற்றில் உள்ள மாடங்களையும் கூம்புகளையும் பாருங்கள். உயர்நீதிமன்றத்தின் மாடம் நமக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பக்கத்துத் தெரு மசூதியின் மாடம் தெரிகிறது. அந்நியம் என்பது செங்கல்லில் இல்லை, அதை வாசிக்கிற சொல்லாடலில் இருக்கிறது.

'இஸ்லாமியக் கட்டடக்கலை' என்று பாராட்டுகிற நல்ல மனமும் இந்தச் சொல்லாடலுக்குள்ளேதான் நிற்கிறது. "எவ்வளவு அழகு!" என்று சொல்லிக்கொண்டே அதை வெளியிலிருந்து வந்த ஒன்றாக நிறுத்தி வைக்கிறோம். இடிக்க வருகிறவனும் வெளியிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறான். இரண்டு பேரும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பாடநூலைப் படித்திருக்கிறோம் என்கிறேன்.

4

சாதத்துல்லா கான் மசூதியை மட்டும் வைத்துப் பேசினால் இந்த வாதம் சுலபமாக வழுக்கிவிடும். ஏனெனில் அது வெற்றிச் சின்னம். 1714 அக்டோபரில் தேசிங்கு ராசனை வீழ்த்திய ஆர்க்காட்டு நவாப், அந்த வெற்றியின் நினைவாக 1717-18இல் கட்டியது. பாரசீகக் கல்வெட்டுகளும் உண்டு. அதிகாரத்தின் பிரதி அது. அதைப் பூசி மெழுக வேண்டிய அவசியம் நமக்கில்லை. தஞ்சைப் பெரிய கோயிலும் அதிகாரத்தின் பிரதிதான்.

ஆனால் அந்தப் போரை 'இந்து ராசாவுக்கும் முஸ்லிம் நவாபுக்கும் நடந்த போர்' என்று வாசிக்க முடியாது. தேசிங்கின் தகப்பன் சொரூப் சிங், ஔரங்கசீப்பின் ஆளாகச் செஞ்சிக் கோட்டையைப் பெற்ற பந்தேலா ராஜபுத்திரன். நவாபும் மொகலாய ஆட்சியின் ஆள்தான். சண்டை வரிப்பாக்கிக்கும் ஆட்சி உரிமைக்கும். தேசிங்கின் பக்கம் நின்று செத்தவன் மோவுத்துக்கான் என்று நம் கதைப்பாடல் கொண்டாடுகிற மகபத்கான். கல்யாண மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போர்க்களத்துக்கு வந்தவன் அவன். இந்த வட்டாரத்து ஜனங்கள் தேசிங்கை நினைக்கும்போதெல்லாம் மோவுத்துக்கானையும் சேர்த்தே நினைத்தார்கள். படித்த நமக்குத்தான் அவன் பெயர் மறந்துபோயிற்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பெயரில்? 'மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில், 12 கோட்டைகளில் ஒன்றாக. சிவாஜி 1677இல் பிடித்தார், மொகலாயர் 1698இல் எடுத்துக்கொண்டனர். இடையில் 21 ஆண்டு. கோனார், நாயக்கர், பிஜப்பூர் சுல்தான், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மற்ற அடுக்குகள் எல்லாம் ஒரு பெயருக்குள் ஒடுங்கிவிட்டன. மராத்தியர் என்றால் இஸ்லாமியருக்கு எதிர் என்று இன்று பேசுகிறார்களே, நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமான 131 அடி மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். எந்தப் பெயருக்குள்ளும் அடங்க மறுப்பதுதான் வரலாற்றின் குணம்.

5

நவாபின் மசூதியிலிருந்து கடற்கரைக்கு வாருங்கள். கீழக்கரை, காயல்பட்டினம். அங்குள்ள பழைய பள்ளிவாசல்களை முதன்முறை பார்க்கிறவர் திகைத்துப் போவார். குவிமாடத்தைத் தேடினால் கிடைக்காது. தூண், பொதிகை, உத்திரம், தட்டையான கல்கூரை. நம் மண்டபமேதான். தூண்களில் பூவும் கொடியும் உண்டு, உருவம் மட்டும் இல்லை. கீழக்கரை ஜும்மா பள்ளியைச் சீதக்காதியின் பெயரோடு சேர்த்து 17ஆம் நூற்றாண்டு என்பார்கள். கோயிலுக்குக் கல் அடித்த மரபில் வந்த கைகள்தான் அதையும் செதுக்கியிருக்க வேண்டும். பொதிகையைப் பார்த்தாலே தெரிகிறது. அரசன் கட்டியது மாடமும் வளைவும், வணிகர்களும் கடலோடிகளும் கட்டியது தூணும் உத்திரமும் என்று ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். இதில் எது 'இஸ்லாமியக் கட்டடக்கலை'? இரண்டிலும் அதே தொழுகைதான் நடக்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பள்ளி'. சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடம் பள்ளி. அவர்கள் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் பாடசாலை பள்ளியாயிற்று. இஸ்லாமியரும் தம் தொழுமிடத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சோழ, பாண்டியர் நிலக்கொடைகளில் பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம் என்று வகைகள் உண்டு. பள்ளிச்சந்தம் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவுத்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகரின் 'பிழார்ப் பள்ளி'க்கு இறையிலியாக நிலம் விட்டதைப் பதிவு செய்கிறது. பெருமாள் கோயில் கல்லில் பள்ளிவாசலின் நிலப் பத்திரம்! பிரம்மதேசத்துப் பார்ப்பனருக்கு எந்த மொழியில் இறையிலி எழுதினார்களோ, அதே மொழியில்தான் சோனகருக்கும் எழுதியிருக்கிறார்கள்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய இடம். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கு இருக்கிறது. உண்ணாதிருத்தலை அது 'நோற்றல்' என்கிறது. ரமலானில் என் நண்பர் பிடிப்பது 'நோன்பு'. அவர் செய்வது 'தொழுகை'. அரபு மார்க்கம் தமிழுக்குள் வந்தபோது தன் ஆதாரமான சொற்களைச் சமணரும் சைவரும் புழங்கிய மொழியிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு யார் யாருக்கு அந்நியம்?

6

அப்படியானால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. மாடத்தில் தேடாதீர்கள், தரையில் பாருங்கள்.

கோயில் ஆழமாகப் போகிற கட்டடம். கோபுரம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே போகப் போக இடம் குறுகும், இருள் கூடும், ஆள் குறையும். ஒவ்வொரு வாசற்படியும் ஒரு கேள்வி கேட்கும்: நீ யார்? கடைசிப் படியைத் தாண்ட ஒரே ஒரு சாதிக்குத்தான் உரிமை. பள்ளிவாசல் அகலமாக விரிகிற கட்டடம். கிப்லாச் சுவரை நோக்கித் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்க வேண்டும். முதல் வரிசை நீளமாக இருக்க வேண்டும். அதனால்தான் தொழுமண்டபம் ஆழத்தைவிட அகலமாக அமைகிறது. மிஹ்ராப் என்ற மாடம் திசை காட்டுவதற்கு; உள்ளே எதுவும் இல்லை. கருவறை இல்லாத கட்டடம் அது. கீழக்கரையில் அதே மண்டபத் தூண்களை வைத்துக்கொண்டு இந்தத் தரையை உருவாக்கியதுதான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

இது வெறும் அழகியல் விசயமில்லை. நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகளை விடவில்லை என்பதற்காக 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் அவர்களால் உள்ளே போக முடிந்தது. இதே திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம் செஞ்சி வட்டாரம். இங்குள்ள திரௌபதி கோயில்களில் காவலாக நிற்கிறவர் முத்தால் ராவுத்தர் என்கிற முஸ்லிம். அம்மனுக்கு ராவுத்தர் காவல் இருக்கலாம்; ஊருக்குப் பாடுபடுகிற சேரிக்காரன் உள்ளே வரக்கூடாது! 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித் மக்கள் தேடிப் போனது மாடத்தையோ மனோராவையோ அல்ல, நிற்பதற்கு ஒரு வரிசையை.

அந்த வரிசையையும் நாம் விமர்சனமில்லாமல் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை. அதில் பெண்கள் எங்கே? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவர்களுக்குத் தனித் தைக்காக்கள் உண்டு. பெரும்பாலான ஊர்ப் பள்ளிவாசல்களில் அதுவும் இல்லை. தோளோடு தோள் நின்ற மரைக்காயரும் ஒசாவும் சம்பந்தம் பேசும்போது தோளை விலக்கிக்கொள்வதில்லையா? இதையெல்லாம் என் நண்பரே சொன்னார். "வரிசை தரையிலதான் தோழர் இருக்குது. தெருவுக்கு இன்னும் வரல."

7

நாங்கள் போன நேரம் மசூதிக்குள் வேறு யாரும் இல்லை. வளைவின் நிழலில் உட்கார்ந்து நான் ரசித்துக்கொண்டே இருந்தேன். சுண்ணாம்புப் பூச்சு, வெளியே வெயில், உள்ளே குளிர்ச்சி என்று ஏதேதோ சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நண்பர் சொன்னார்:

"நல்லா ரசிக்கிறீங்க. பழசுன்னா எல்லாருக்கும் புடிக்கும். இந்த மாதிரி வளைவைப் புகழ்ந்து பேசற ஆளுங்க வீட்டுக்கே வாடகைக்குக் கேட்டுப் போயிருக்கேன். பேரச் சொன்னதும் 'வீடு குடுத்தாச்சுங்க'ன்னுடுவாங்க. எங்க தெருவுல தகரக் கூரை போட்ட பள்ளிவாசல் ஒண்ணு இருக்குது. அதை ரசிப்பீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. 1992 டிசம்பர் 6 அன்று எனக்கு இரண்டு வயது. அந்த இடிப்பை நான் புத்தகத்தில் படித்தேன். அவர் அதை வீடு வீடாக வாடகைக்கு அலைந்து படித்திருக்கிறார். அது சட்டத்தை மீறிய செயல் என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சொல்லிவிட்டு நிலத்தைக் கோயிலுக்கே கொடுத்தது. 2025இல் திருப்பரங்குன்றம் மலையை வைத்து மதுரையில் என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். தொல்லியல் சின்னமாகிவிட்ட மசூதியை ரசிப்பதில் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை. அங்கே தொழ வருகிற ஆளைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஆளில்லாத மசூதியை நேசிக்கிற மதச்சார்பின்மை மிகவும் வசதியானது.

திரும்பும்போது அவருடைய தெருவுக்குப் போனோம். மஃரிப் நேரம். தகரக் கூரை, சிமெண்ட் தரை, பச்சை பெயிண்ட் அடித்த கம்பிக் கதவு. பாங்கு சொல்லி முடிந்ததும் அவர் குழாயடியில் ஒளு செய்துவிட்டு உள்ளே போனார். நான் வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே தரையில் வரிசைக்காகக் கோடுகள் போட்டிருந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். ஒரு வரிசை நிறைந்து இரண்டாம் வரிசை பாதியில் நின்றது. வளைவும் இல்லை, பொதிகையும் இல்லை. சாதத்துல்லா கானின் மசூதியை மசூதியாக்கியது எதுவோ அது இங்கேயும் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் நெற்றியில் குங்குமம் வைத்த இரண்டு பெண்கள், காய்ச்சலில் சிணுங்குகிற குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார்கள். தொழுகை முடிந்து வருகிறவர் யாராவது ஓதி ஊதிவிடுவார்கள் என்று. "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். "இதே ஊருதாங்க. புள்ளைங்களுக்கு ஒடம்புக்கு வந்தா இங்கதான் வருவோம்" என்றாள் மூத்தவள். உள்ளே போகவில்லை, வாசலோடு சரி. பள்ளிவாசல் என்று நம் ஜனங்கள் வைத்த பெயரில் பாதி அந்த வாசல்தான். அந்த வாசலில் நிற்கிறவர்கள் யாரும் ஃபெர்குசனைப் படித்ததில்லை.